பச்சை எரிந்தால் சுருதி சரி

கள்ளக்குறிச்சி கச்சிராயபாளையம் சாலையில் மிக்ஸியும் கிரைண்டரும் பழுது பார்க்கிற தீனதயாளனுக்குக் காது நன்றாகக் கேட்கும். சுருதிதான் கேட்காது. இரண்டு கம்பிகளை மீட்டிக் காட்டி எது உசத்தி, எது தாழ்வு என்று கேட்டால், இரண்டையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ரெண்டும் நல்லாத்தான் இருக்குது" என்பார். ஒன்றைக் குறை சொன்னால் அதன் மனம் நோகுமோ என்று அஞ்சுகிறவர் மாதிரி இருக்கும் முகம்.

அவருக்கு வாய்த்தது மூக்கு. மோட்டாரின் கம்பிச் சுருள் கருகியிருக்கிறதா, கார்பன் தேய்ந்திருக்கிறதா என்று மிக்ஸியை மோந்து பார்த்தே சொல்லிவிடுவார். தொழிலுக்கு அது போதும். ஆனால் அவர் ஒரு மெல்லிசைக் குழுவில் கிட்டாரும் வாசிக்கிறார். அதற்கு மூக்கு உதவாது.

கிட்டார் அவரிடம் வந்ததே தப்பான வழியில்தான். தொண்ணூறுகளில் ஊரில் ஒரு பொருட்காட்சி நடந்தது. அதில் குலுக்கல். முதல் பரிசு வெட் கிரைண்டர், இரண்டாம் பரிசு கிட்டார். தீனதயாளன் கிரைண்டருக்காகத்தான் சீட்டு வாங்கினார். விழுந்தது கிட்டார். கிரைண்டர், பெரியநாயகி என்ற பெண்ணுக்குப் போய்விட்டது. விசாரித்துக்கொண்டு அவள் வீட்டுக்கே போய், மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டார்.

"இத்த வெச்சுக்கினு நான் எதுலங்க மாவாட்டறது?" என்றாள் பெரியநாயகி.

அவர் விடவில்லை. இன்னொரு முறை போனார். பிறகு கிரைண்டர் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார். பிறகு காரணம் சொல்லாமலே போனார். அடுத்த தை மாதம் கிரைண்டரும் பெரியநாயகியும் சேர்ந்தே அவர் வீட்டுக்கு வந்தார்கள்.

கல்யாணமான புதிதில் ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தவர், "காலையில இருந்து இன்னா ஒரே பாட்டு? நல்லா கீதே" என்றார்.

"நான் எங்கங்க பாடினேன்? தேங்கா அரைச்சுக்கினு இருந்தேன்" என்றாள் அவள். கணவருடைய காதைப் பற்றி அன்றைக்கே அவளுக்குத் தெரிந்துபோயிற்று. யாரிடமும் சொல்லவில்லை.

வீட்டில் சும்மா கிடக்கிறதே என்று கிட்டார் வகுப்பில் சேர்ந்தார். மற்றவர்கள் டைப்ரைட்டிங் கற்றுக்கொள்வதுபோல அவர் கிட்டார் கற்றுக்கொண்டார். எந்த விரல், எந்தக் கம்பி, எந்தக் கட்டம். விரல் ஒருநாளும் பிசகாது. அந்த விரல்களைப் பார்த்துத்தான் ராஜதுரை அவரைத் தம்முடைய 'தேன்துளி' மெல்லிசைக் குழுவில் சேர்த்துக்கொண்டார். ராஜதுரை பகலில் ஜவுளி வியாபாரி, மேடையில் பாடகர், குழுவுக்கு எல்லாமும் அவரே. கீபோர்டு வாசிப்பவர் தர்மன், பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். மற்றபடி ட்ரம்ஸ், பேடு என்று இரண்டு பேர். அடிக்கிற வாத்தியங்கள், அவர்களுக்குச் சுருதிக் கவலை கிடையாது.

கிட்டார் கம்பி அடிக்கடி தளர்ந்துபோகும். ஒவ்வொரு கச்சேரிக்கு முன்னாலும் அதை முறுக்கிச் சுருதி சேர்க்க வேண்டும். தொடக்கத்தில் அதைத் தர்மன்தான் செய்துகொடுத்தார். சமையல் தெரியாதவருக்குச் சோறு வடித்துக் கொடுப்பது மாதிரி, சலித்துக்கொள்ளாமல் செய்தார். ஒருநாள் களமருதூரில் கச்சேரி முடிந்து திரும்புகிறபோது, ஒரு பேச்சுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமே என்று தீனதயாளன் வாயைத் திறந்தார்.

"இன்னா தர்மா, இன்னிக்கு உன் கீபோர்டு கொஞ்சம் சுருதி கம்மியா இருந்துச்சு போல."

தர்மன் வேனை ஓரமாக நிறுத்தினார். திரும்பிப் பார்த்தார்.

"யாரு, நீ சொல்றியா?" என்றார். "இனிமே உன் கிட்டார நீயே முறுக்கிக்க."

பிறகு எவ்வளவு கெஞ்சியும் அவர் அந்தக் கிட்டாரைத் தொடவில்லை. தீனதயாளன் பஸ் ஏறிப் புதுச்சேரிக்குப் போனார்.

அங்கே இசைக் கருவிக் கடைக்காரர் வாய் ஓயாதவர். "காது இல்லாதவனுக்கு ஏதாச்சும் கீதுங்களா?" என்று தீனதயாளன் கேட்டதும் அவருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. இவர் மட்டும் தனியில்லை, உலகம் பூராவும் இதற்கு அலைந்திருக்கிறது என்றார். முதலில் 'ட்யூனிங் ஃபோர்க்' என்கிற இரும்புக் கவை. தட்டினால் ஒரே ஒரு சுரம் சொல்லும், மிச்சத்தைக் காதுதான் பார்க்க வேண்டும். பிறகு முப்பதுகளில் அமெரிக்காவில் ஒரு மின்பெட்டி வந்தது. அதற்குள்ளே கோடு போட்ட தட்டுகள் சுழலும். வாசிக்கிற சுரத்துக்கு ஏற்ப ஒரு விளக்கு துடிக்கும். சுருதி சரியாக இருந்தால் சுழல்கிற தட்டு அப்படியே நின்றுவிட்டதுபோலத் தெரியும். தப்பென்றால் கோடுகள் நகரும். ஆனால் பெட்டி கனம், கச்சேரிக்கெல்லாம் தூக்கிக்கொண்டு போக முடியாது. எழுபதுகளில் ஜப்பான்காரர்கள் அதையே கையடக்கமாக்கி, பேட்டரி போட்டு, தட்டுக்குப் பதில் முள் வைத்தார்கள். முள் நடுவில் நின்றால் சரி, சாய்ந்தால் தப்பு.

"அவ்ளோதானா? கேக்கவே வேணாமா?" என்றார் தீனதயாளன்.

"பாத்தா போதும்."

தராசு முள்ளைப் பார்க்கத் தெரிந்த எவனும் இனி கிட்டார்க்காரன்தான் என்று அவருக்குப் பட்டது. முள் பெட்டியை மடியில் வைத்தபடியே ஊர் வந்து சேர்ந்தார்.

முள் பெட்டிக்கு ஒரே ஒரு குறை. அது மைக் வழியாகக் கேட்கிற பொருள். பக்கத்தில் யார் இருமினாலும் இருமலுக்குச் சுருதி சொல்லும். மேடையில் ட்ரம்ஸைத் தட்டிப் பார்க்கிற நேரத்தில் முள் பேயாடும். ஆகவே தீனதயாளன் கச்சேரிக்கு முன்னால் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு அமைதியான இடம் தேடிப் போவார். கண்ணை மூடித் தனியே ஸ்வாமி கும்பிட்டுவிட்டு வருகிறார் என்று ராஜதுரை நினைத்தார். பக்திமான் என்று பெயர் கிடைத்தது. உண்மையில் பெரும்பாலும் கல்யாண மண்டபக் கழிப்பறையில்தான் இருப்பார். ஒருமுறை காவலாளி வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். அன்றைக்கு முதல் சில பாட்டுகள் கிட்டார் இல்லாமலே நடந்தன. உள்ளேயிருந்து மெல்லிசாக வாசித்துக்கொண்டுதான் இருந்தார்.

அந்தப் பெட்டி ஒரு கோடைக்காலத்தில் பேட்டரி கசிந்து செத்தது. புதுச்சேரிக் கடைக்காரர் ஊரில் இல்லை. தீனதயாளனுக்கு அந்தச் சுழல்கிற தட்டு ஞாபகம் வந்தது. மிக்ஸி மோட்டார்தான் கடையில் குவிந்து கிடக்கிறதே. தகரத் தட்டில் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்டு, மோட்டார் தலையில் மாட்டி, வீட்டுத் திண்ணையில் ட்யூப்லைட் வெளிச்சத்தில் ஓடவிட்டார். கொஞ்ச நேரத்தில் கோடுகள் அப்படியே நின்றன. பூரிப்போடு குனிந்து கிட்டாரை எடுத்தார். தட்டு கழன்று தலைக்கு மேலே பறந்து, பக்கத்து வீட்டு மாடியில் காய்ந்துகொண்டிருந்த வடகத் துணியைக் கிழித்துக்கொண்டு போய் முருங்கை மரத்தில் குத்தி நின்றது.

பெரியநாயகி வெளியே வந்து மரத்தைப் பார்த்தாள், வடகத்தைப் பார்த்தாள். "கிட்டாருக்குச் சுருதி சேந்துச்சுங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல. கரண்டுக்குச் சேந்துச்சு" என்றார் அவர். ட்யூப்லைட் மின்சாரத்தின் தாளத்துக்குத்தான் துடிக்கும், கிட்டாருக்குத் துடிக்காது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

அதற்குப் பிறகு வந்ததுதான் கிளிப் ட்யூனர். துணிக் கவ்வி மாதிரி இருக்கும், கிட்டாரின் தலையில் கவ்வவிட வேண்டியது. அது சத்தத்தைக் கேட்பதில்லை, மரத்தின் அதிர்வை உணர்கிறது. பக்கத்தில் பறை முழங்கினாலும் அதற்குக் கவலையில்லை. தப்பென்றால் சிவப்பு, சரியென்றால் பச்சை. முதல் தடவை ஆறு கம்பிக்கும் பச்சை எரிந்தபோது தீனதயாளன் கண் கலங்கிவிட்டார். கழிப்பறை வாழ்க்கை முடிந்தது. பின்னால் கைப்பேசியிலேயே ட்யூனர் சும்மா கிடைக்கிறது என்று ஊர்ப் பையன்கள் சொன்னபோதும் அவர் அதைத் தொடவில்லை. அதுவும் மைக்தானே.

இந்த நேரத்தில் ராஜதுரைக்கு ஒரு கஷ்டம் வந்திருந்தது. ஐம்பதைத் தாண்டியபின் உச்சஸ்தாயி எட்டவில்லை. மற்றக் குழுக்களில் இப்படி ஆனால் பாட்டை அரைக் கட்டை இறக்கிவிடுவார்கள். கீபோர்டில் ஒரு பட்டனை அழுத்தினால் ஆயிற்று. ராஜதுரை மட்டும் ஒப்பமாட்டார். "ஒரிஜினல் ஸ்கேல்ல பாடறவன்தான் பாடகன். எறக்கிப் பாடறதுக்கு எறங்கியே போயிடலாம்" என்று மேடைக்கு மேடை சொல்லிக்கொண்டிருந்தவர், இப்போது எப்படி இறக்குவார்? உயரமான வரி வரும்போது மைக்கைச் சனங்கள் பக்கம் நீட்டி, "நீங்க பாடுங்க" என்பார். சனங்கள் பாடமாட்டார்கள். அந்த வரி காலியாகவே போகும்.

அப்போதுதான் கல்வராயன் மலையில் ஒரு கோயில் திருவிழாவுக்குக் கூப்பிட்டார்கள். சாயங்காலம் மழை வந்துவிடும் என்று மதியமே கச்சேரி. கொண்டை ஊசி வளைவுகளில் வேன் ஏறியபோது தீனதயாளனின் சட்டைப் பையில் ட்யூனரும் சாவிக்கொத்தும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டே வந்தன. ட்யூனரின் பின்பக்கம் ஒரு சின்னப் பட்டன் உண்டு. சுருதிக்கு அடிப்படையான எண்ணை மாற்றுவது அது; எண் குறைந்தால் சுருதியும் இறங்கும். 440 என்பது உலகம் ஒப்புக்கொண்ட எண். சாவிக்கொத்து அதை அழுத்தி அழுத்தி 430-க்குக் கொண்டுபோய்விட்டது. தீனதயாளன் அந்த எண்ணை ஒருநாளும் பார்த்ததில்லை. அவர் பார்ப்பது நிறத்தை மட்டும்.

மேடையில் கம்பிகளை முறுக்கினார். ஆறும் பச்சை. முதல் பாட்டு தொடங்கியதும் தர்மனின் தோள் துள்ளியது. கீபோர்டு ஒரு பக்கம், கிட்டார் ஒரு பக்கம், நடுவில் ராஜதுரை எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் தடுமாறிக்கொண்டிருந்தார்.

"தீனா, இன்னாடா பண்ணி வெச்சிருக்கிற? எறங்கிக் கெடக்குது" என்றார் தர்மன், உதடு அசையாமல்.

தீனதயாளன் தாடையால் கிட்டார் தலையைக் காட்டினார். "பச்ச எரியுதுடா."

"எரியறது என் வயிறு."

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மலைக்காரர் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம், "சண்ட போட்டுக்கினே பாடறாங்க போல" என்றது மேடை வரைக்கும் கேட்டது. தர்மனுக்குத் தீனதயாளனைத் தெரியும். பச்சை எரிகிறவரைக்கும் அவரை எந்த வாதமும் அசைக்காது. வேறு வழியில்லாமல் தம்முடைய கீபோர்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிக்கொண்டே வந்தார். கிட்டாரோடு சேர்ந்தது. அரைக் கட்டையில் பாதி அளவுகூட இருக்காது அந்த இறக்கம். ட்ரம்ஸ்காரருக்குத் தெரியவில்லை, சனங்களுக்கும் தெரியவில்லை.

பாட்டு உச்சத்துக்கு வந்தது. ராஜதுரை வழக்கம்போல மைக்கை நீட்டப் போனவர், தொண்டை தானாக ஏறுவதை உணர்ந்து கையை மடக்கிக்கொண்டார். பாடினார். எட்டியது. இன்னொரு முறை பாடினார். ட்ரம்ஸ்காரர் முடித்துவிட்ட பிறகும் அந்த ஒரு வரியையே பாடிக்கொண்டிருந்தார்.

கச்சேரி முடிந்ததும் தர்மன் ட்யூனரைப் பிடுங்கிப் பார்த்தார். எண் தெரிந்தது. ராஜதுரையிடம் சொல்லலாம் என்று போனார். ராஜதுரை அங்கே ஊர்க்காரர்கள் கொடுத்த சொம்பைக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தார்.

"தர்மா, காலையில இவங்க கடுக்காத் தண்ணி குடுத்தாங்க. தொண்டைய எப்படித் தொறந்துவுட்டுச்சு பாத்தியா? இத்தன வருசமா மலையடிவாரத்துல இருந்துக்கினு இது தெரியாமப் போச்சே."

தர்மனுக்குச் சொல்ல மனம் வரவில்லை. அத்தனை வருஷத்தில் ராஜதுரை அப்படிச் சிரித்து அவர் பார்த்ததில்லை. வேனில் ஒரு மூட்டை கடுக்காயை ஏற்றினார்கள்.

அன்றிலிருந்து தர்மனும் தீனதயாளனும் மறுபடி கூட்டாளிகள் ஆனார்கள். ஒவ்வொரு கச்சேரிக்கு முன்னாலும் இருவரும் வேனுக்குப் பின்னால் போய் எண் 430-இலேயே இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ராஜதுரை கடுக்காய்த் தண்ணீர் குடிப்பார். கடுக்காய் தொண்டைக்கு என்ன செய்ததோ தெரியாது, வயிற்றுக்குச் செய்யவேண்டியதைக் குறையில்லாமல் செய்தது. பாதிக் கச்சேரியில் "இப்ப ஒரு இசை விருந்து" என்று அறிவித்துவிட்டு மறைந்துவிடுவார். அவர் திரும்பும்வரை தீனதயாளனும் தர்மனும் பாட்டில்லாமல் வாசித்துக்கொண்டிருப்பார்கள். சில ஊர்களில் அது நீளமான விருந்து.

பிறகு பவானி என்ற பெண் பாட வந்தாள். கல்வராயன் மலைக்காரி, ஊரில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். முதல் ஒத்திகையிலேயே தர்மனிடம் வந்து, "அண்ணா, எல்லாம் கொஞ்சம் கம்மியா கீதே" என்றாள். இருவரும் அவளை ஓரமாகக் கூட்டிப்போய் விஷயத்தைச் சொன்னார்கள்.

"கடுக்காவா?" என்றாள் பவானி. "எங்க ஊர்ல அத்த மலச்சிக்கலுக்குத்தானே குடுப்பாங்க."

"அந்த வேலையும் நடக்குதும்மா" என்றார் தீனதயாளன்.

அவள் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. வாய் திறக்கமாட்டேன் என்று சத்தியம் செய்துகொடுத்தாள்.

குட்டு உடைந்தது ரிஷிவந்தியத்தில், ஒரு கல்யாணத்தில். பெண் வீட்டார் நாதஸ்வரமும் மெல்லிசையும் சேர்ந்து ஒரு பாட்டு வேண்டும் என்றார்கள். நாதஸ்வரக்காரர் ராசு வந்து நின்றார். நாதஸ்வரத்துக்குப் பட்டன் கிடையாது. அதன் சுருதி அதற்கு. சேர்ந்து வாசித்ததும் மாப்பிள்ளை பயந்து எழுந்துவிட்டார்.

"உங்க ஆர்கெஸ்ட்ரா தூங்கி வழியுதுங்க" என்றார் ராசு.

"உன் நாயனம் வெயில்ல காஞ்சு ஏறிக்கினு நிக்குது" என்றார் ராஜதுரை. "கடுக்காத் தண்ணி குடிக்கிறியா?"

"எனக்கா, நாயனத்துக்கா?"

பெண் வீட்டார் முறைத்தார்கள். தர்மன் கண்காட்ட, தீனதயாளன் பட்டனை அழுத்தி எண்ணை ஏற்றினார். கம்பிகளை முறுக்கினார். தர்மனும் கீபோர்டை ஏற்றினார். பாட்டு சேர்ந்தது, ராஜதுரையின் தொண்டை சேரவில்லை. உச்ச வரியில் ஒரு கிறீச்சொலி வந்தது. பந்தி வரிசையில் ஒரு குழந்தை அழுதது. ராஜதுரை மைக்கை மெதுவாக ராசு பக்கம் நீட்டினார். அந்த வரியை நாதஸ்வரம் பாடி முடித்தது.

திரும்பும்போது வேனில் ராஜதுரை ஜன்னலைப் பார்த்தபடி, "நாட்டு மருந்துக் கடையில வாங்கினது. போலிக் கடுக்கா" என்று மட்டும் முனகினார். தீனதயாளனால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"அண்ணே, கடுக்கா மேல தப்பில்ல. நாங்கதான் சுருதிய எறக்கி வெச்சிருந்தோம். மலைக்குப் போன நாள்லேர்ந்து."

ராஜதுரை திரும்பிப் பார்த்தார். "சுருதிய பத்தி நீ எனக்குச் சொல்றியா தீனா?"

"நெசமாண்ணே."

"உனக்கு ஏறினதும் தெரியாது, எறங்கினதும் தெரியாது. எனக்கு எப்பவோ தெரியும்டா. நீ கக்கூசுல போய் பொட்டிய பாத்து முறுக்கறத நான் பாத்துட்டேன். பக்திமானாம்." அவர் பின்னால் திரும்பினார். "பவானி, நீ சொல்லும்மா. இவன் சொல்றது நெசமா?"

பவானி தர்மனைப் பார்த்தாள். தர்மன் சாலையைப் பார்த்தார்.

"ஆமாங்கண்ணா."

"எவ்ளோ எறக்கம்?"

அவள் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஒட்டிப் பிடித்து, நடுவில் ஒரு நூல் நுழையும் அளவுக்கு இடம் விட்டுக் காட்டினாள்.

ராஜதுரை அந்த இடைவெளியை வெகுநேரம் உற்றுப் பார்த்தார். வேன் சங்கராபுரம் சாலையில் ஒரு மாட்டுவண்டிக்கு வழிவிட்டு மறுபடி வேகம் எடுத்தது.

"இம்மாத்தூண்டுதானா?" என்றார். "இத்தப் போய் எறக்கறதுன்னு யாராச்சும் சொல்லுவாங்களா? அரைக் கட்ட எறக்கினாத்தான் எறக்கினது. இது சும்மா, சட்ட காலர கொஞ்சம் தளத்தி விட்டுக்கற மாதிரி."

"அதே மாதிரிதாண்ணே" என்றார் தர்மன் உடனே.

"அப்ப ஒரிஜினல் ஸ்கேல்தான?"

"ஒரிஜினல்தாண்ணே. காலர் மட்டும் லூசு."

ராஜதுரை சாய்ந்து உட்கார்ந்தார். "நாயனக்காரங்க கூட இனி வாணாம்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "தீனா, அந்தப் பட்டன நீயே பாத்துக்க. ஜாஸ்தியும் வாணாம், கம்மியும் வாணாம்" என்றார். கடுக்காய்த் தண்ணீரை மட்டும் அவர் விடவில்லை. பழகிவிட்டது, விட்டால் வயிறு ஒத்துக்கொள்ளவில்லை என்கிறார்.

இந்த வருஷம் குழுவுக்குப் புது ஃப்ளெக்ஸ் பேனர் அடித்தார்கள். ராஜதுரை ஒவ்வொருவர் பெயருக்குக் கீழும் பட்டம் போடச் சொன்னார். தீனதயாளன் படத்துக்குக் கீழே 'கிட்டார் மற்றும் சுருதிப் பொறுப்பு' என்று போட்டார்கள். பேருந்து நிலையத்தில் அதைக் கட்டிய அன்று பெரியநாயகி காய்கறிப் பையோடு அதன் கீழே நின்று படித்தாள். பிறகு பையைத் தரையில் வைத்துவிட்டு, பேனர் கட்டியிருந்த கம்பத்தையே பிடித்துக்கொண்டு சிரித்தாள். என்னம்மா ஆயிற்று என்று பூக்காரம்மா ஓடி வந்தார்.

தீனதயாளனுக்குப் பட்டத்தைப்பற்றிப் பெரிதாக ஒன்றும் இல்லை. படத்தில் ட்யூனர் நன்றாகத் தெரிய வேண்டும் என்பதுதான் அவருக்கு முக்கியமாக இருந்தது. பச்சையைக் கொஞ்சம் தூக்கலாகப் போடுங்கள் என்று பேனர் கடைப் பையனிடம் இரண்டு முறை சொல்லிவிட்டு வந்தார். அவன் தாராளமாகவே போட்டுவிட்டான். இப்போது பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் அண்ணாந்து பார்த்து, கிட்டார் தலையில் ஏன் கிளி உட்கார்ந்திருக்கிறது என்று கேட்கிறார்கள்.